மேசை மலையில் எந்த வழியாக இறங்குவது?

அக்கா குடும்பம் மார்ச் கடைசியில் கேப் டவுன் வருகிறது. விமான டிக்கெட் போட்ட மறுநாளே அத்தானிடமிருந்து போன். "மாப்ளே, அந்த மேசை மலையை நடந்தே ஏறிப்புடணும். எந்த வழி நல்ல வழின்னு பார்த்து வை."

அத்தானுக்கு 58 வயது. இடது முட்டி ஏற்கெனவே ஒரு தடவை மக்கர் செய்திருக்கிறது. அக்கா தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவள். மகள் இப்போதுதான் கல்லூரி முடித்தாள். பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சாதாரணமாகக் காபி போடுவாள். மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஏறச் சொன்னால் ஏறுவான், ஆனால் அரை மணிக்கு ஒரு தரம் பசிக்கும். இந்த நால்வரையும் மலைமேல் கொண்டுபோய், பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பு என் தலையில்.

இந்த ஊரில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறும் வழியைப் பற்றித்தான்: எது குறுக்கு, எது சுலபம், எங்கிருந்து போட்டோ நன்றாக வரும். நானும் முதல் தடவை அப்படித்தான் கேட்டேன். இப்போது எனக்கு வரும் முதல் கேள்வி வேறு. மேலே போனபின் எப்படி இறங்கப் போகிறோம்? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் ஏறும் வழி தானாக முடிவாகிவிடுகிறது.

இந்த ஞானம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில், ஜனவரி மாதம், நண்பன் ஒருவனோடு கிளம்பினேன். பிளாட்டெக்லிப் என்ற இடுக்கு வழியாக ஏறுவது, கேபிள் காரில் இறங்குவது. இதுதான் திட்டம். ஊர் சுற்ற வருகிற பாதிப் பேரின் திட்டமும் இதுவே. காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இடுக்குக்குள் காற்றே இல்லை. பாறைகள் தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தன. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து உச்சியில் தலையை நீட்டினால், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலக் காற்று. கேபிள் கார் ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. "காற்று அதிகம், வண்டி ஓடாது" என்றார்கள். பழனியில் காற்று வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்களே, அதே கதை. அங்கே படிக்கட்டு இருக்கிறது, ஒரு மூச்சில் இறங்கிவிடலாம். இங்கே அதே கல்படிகளில் எழுநூறு மீட்டர் செங்குத்தாக, தண்ணீர் தீர்ந்த நிலையில் இறங்க வேண்டியிருந்தது. பாதி வழியில் தொடை நடுங்க ஆரம்பித்தது. அடுத்த மூன்று நாளும் அடுக்குமாடி வீட்டுப் படிகளில் பின்பக்கமாக நடந்துதான் இறங்கினேன். தப்பு முழுக்க எங்களுடையது. வண்டி ஓடுகிறதா என்று காலையில் போனில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைவிட, ஓடாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்க வேண்டும்.

அந்தக் காற்றைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஏறத்தாழ நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தென்கிழக்குக் காற்று இங்கே நாட்கணக்கில் விடாமல் வீசும். ஊரின் புழுக்கத்தையும் புகையையும் கடலுக்குத் தள்ளிவிடுவதால் அதற்குக் கேப் டாக்டர் என்று செல்லப்பெயர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் தட்டையான உச்சிமீது பரவி, நகரத்தைப் பார்த்த விளிம்பில் அருவி மாதிரி வழிகிறது. கொஞ்சம் கீழே இறங்கியதும் காற்று சூடாகி, மேகம் காணாமல் போகிறது. இதைத்தான் மேசை விரிப்பு என்கிறார்கள். கீழே கடற்கரையில் நின்று பார்க்க அவ்வளவு அழகு. அதற்குள் நிற்பவனுக்குப் பத்தடி தள்ளி இருக்கிற பாதைக்குறி தெரியாது. வெயிலில் பனியனோடு ஏறியவன் கால் மணி நேரத்தில் பல் கிட்டி நிற்பான். காலையில் வானம் நீலமாக இருந்தது என்பது இந்த மலையில் ஒரு சாட்சியே இல்லை.

இனி வழிகள். இது ஒரு தேசியப் பூங்கா, 1998-இல் அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவிலிருந்து தெற்கே தீபகற்பத்தின் முனை வரை துண்டு துண்டாக நீள்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான பாதைகள் இருந்தாலும், முதல் தடவை வருகிறவர் யோசிக்க வேண்டியவை ஐந்தாறுதான்.

கேபிள் காரையே முழுக்க நம்பலாமா? நம்பலாம், நடக்க வேண்டாம் என்றால். 1929-இல் தொடங்கியது. 1997-இல் வந்த இப்போதைய வட்டப் பெட்டியில் 65 பேர் ஏறலாம். போகும்போது பெட்டியின் தரை சுழல்வதால் ஜன்னலோரச் சண்டை இல்லை. ஐந்தாறு நிமிடத்தில் 1,067 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுவீர்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில நாள் மூடுவார்கள். ஒரு வழி டிக்கெட்டும் உண்டு. நடக்கிற ஆளுக்கு நான் சொல்வது: கேபிள் காரைப் போனஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடினால் சந்தோஷம். ஓடாவிட்டாலும் கால்நடையாக இறங்க நேரமும் தண்ணீரும் முட்டியும் மிச்சம் இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் திட்டத்தை மாற்றுங்கள்.

பிளாட்டெக்லிப்பைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகவும் பேச வேண்டும். மலை ஏறியதாக எழுத்தில் பதிவான முதல் ஆள், 1503-இல் போர்ச்சுகலின் அந்தோனியோ ட சல்தான்யா, இந்த இடுக்கு வழியாகத்தான் ஏறினார். கீழே டாஃபெல்பெர்க் சாலையில், கேபிள் கார் ஸ்டேஷனைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் பாதை தொடங்குகிறது. வழி தவற வாய்ப்பே இல்லை. கல்படிகள், வளைவு, மறுபடி கல்படிகள். கையை ஊன்றி ஏற வேண்டிய இடம் கிடையாது. கட்டணமும் இல்லை. நல்ல உடம்பு உள்ளவர் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுவார், மற்றவர்கள் மூன்று. இதன் குறைகள் இரண்டு. ஒன்று, வெயில். இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருப்பதால் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். இந்தப் பாதை இருப்பது மலையின் வடக்கு முகத்தில். நிழல் என்று சொல்ல, காலையில் கொஞ்ச நேரம் பாறையின் நிழல் மட்டுமே. இன்னொன்று, சலிப்பு. முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர வேறு காட்சி கிடையாது. திரும்பிப் பார்த்தால்தான் ஊர் தெரியும்.

ஆனாலும் பாதையின் தொடக்கத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்காக இந்தப் பக்கம் ஒரு முறை போகலாம். பிளாட்டெக்லிப் என்றால் டச்சு மொழியில் தட்டைக்கல். டச்சுக் காலத்தில் ஊரின் அழுக்குத் துணியெல்லாம் இந்தத் தட்டைக்கற்களில்தான் அடிபட்டது. துவைத்தவர்கள் அடிமைப் பெண்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் சோழமண்டலக் கரைக்காரர்களும் வங்காளத்தவரும் மலபாரிகளும் உண்டு. பழைய பதிவேடுகளில் பெயருக்குப் பின்னால் ஊராக 'கோரமண்டல்' என்றே எழுதியிருப்பார்கள். பின்னாளில் கட்டிய சலவைக் கட்டடங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு அவசரமாக ஏறிப் போகிற எங்கள் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தியா வென்ஸ்டர். பெயரைக் கேட்டதும் அக்கா மகளுக்கு இதன்மேல்தான் கண். வென்ஸ்டர் என்றால் ஜன்னல். பாறைகளுக்கு நடுவே தெரியும் ஓர் இடைவெளி இந்திய வரைபடம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். கேபிள் கார் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்து நேராக மேலே போகிறது. நடுவில் பாறையில் சங்கிலியும் இரும்புக் கைப்பிடியும் பிடித்துத் தொங்கி ஏற வேண்டிய கட்டங்கள் வரும். பாதை தவறினால் விளிம்பு. மீட்புக் குழுக்கள் அடிக்கடி போக நேர்கிற இடங்களில் இதுவும் ஒன்று. இறங்குவதற்கு இது வழியே அல்ல என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அப்படியென்றால் மேலே போனபின் கேபிள் கார், அது இல்லையென்றால் பிளாட்டெக்லிப். என் கணக்கில் இது முதல் தடவைக்காரர்களுக்கு இல்லை. அவளிடம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சிங்கத் தலை என்கிற லயன்ஸ் ஹெட் மேசை மலையின் பக்கத்தில் தனியாக நிற்கும் 669 மீட்டர்க் கூம்பு. பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போவதால் கடல், ஊர், மேசை மலை, பன்னிரு அப்போஸ்தலர் முகடுகள் என எல்லாத் திசையும் ஒரு சுற்றில் வந்துவிடும். போய்வர இரண்டரை மணி நேரம் போதும். கடைசியில் ஏணியும் சங்கிலியும் உண்டு, அதைத் தவிர்க்கச் சுற்றுவழியும் உண்டு. பௌர்ணமி இரவில் கோயில் கிரிவலம் மாதிரி டார்ச்சோடு வரிசை போகும். அரை நாள்தான் இருக்கிறது, உடம்பு திடம் என்றால் யோசிக்காமல் இதற்குப் போய்விடுங்கள். மேசை மலை ஏறினேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

காஸ்டீல்ஸ்பூர்ட் எனக்குப் பிடித்த பாதை, ஆனால் இந்தக் கூட்டத்துக்குச் சரிவராது. கேம்ப்ஸ் பே கடற்கரைக்கு மேலே, பழைய குடிநீர்க் குழாய் போன தடத்தில் தொடங்கி ஏறுகிறது. மலையின் மேற்கு முகம் என்பதால் காலை பத்து மணி வரை முழு நிழல், முதுகுக்குப் பின்னால் நீலக்கடல். மேலே பாறை ஒன்று நீச்சல் குளத்துப் பலகை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் நின்று படம் எடுக்க இளைஞர்கள் வரிசை கட்டுவார்கள். சிக்கல் இறங்கும்போதுதான். அதே வழியாகப் பிற்பகலில் இறங்கினால் மேற்கு வெயில் நேரே முகத்தில். படிகளும் உயரம் உயரமாக இருக்கும். அத்தானின் முட்டியை நினைத்ததும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மிஞ்சியவை இரண்டு வழிகள், ஒன்று மலையின் கிழக்குப் பக்கம், இன்னொன்று தெற்குப் பக்கம். நான் அதிகம் யோசித்ததும் இவற்றைப் பற்றித்தான்.

ஸ்கெலிட்டன் கோர்ஜ் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவுக்குள்ளிருந்து புறப்படுகிறது. 1913-இல் அமைத்த பூங்கா. நுழைவுக் கட்டணம் உண்டு, காலை எட்டு மணிக்குத் திறக்கும். பூங்காவின் மேல் ஓரத்தைத் தாண்டியதும் சட்டென்று வேறு ஊர். வால்பாறையிலோ கொடைக்கானலிலோ சோலைக்காட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடிபடும்: ஈர மண், பாசி, பெரணி, எங்கோ ஓடுகிற தண்ணீர். மேலே மரங்கள் கவிந்திருப்பதால் வெயிலே படாது. பாதி வழிக்கு மேல் மர ஏணிகள் வரும். அதற்கப்புறம் ஓடைப் படுகையிலேயே, பெரிய உருண்டைக்கற்களுக்கு நடுவே, கையும் காலுமாக ஏற வேண்டும். மழை பெய்திருந்தாலோ தென்கிழக்குக் காற்று மேகத்தை இந்தப் பக்கம் இழுத்துவந்திருந்தாலோ அந்தக் கற்கள் எண்ணெய் தடவியது போல வழுக்கும். ஏறும்போது சமாளிக்கலாம். இறங்கும்போது கூடாது. இந்த வழியாக ஏறுகிறவர்கள் பக்கத்து நர்சரி ரவைன் வழியாக இறங்குவது வழக்கம். அதில் ஏணி கிடையாது, ஆனால் படிகள் முட்டியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும்.

ஸ்கெலிட்டன் கோர்ஜ் பாதைக்கு ஸ்மட்ஸ் தடம் என்று இன்னொரு பெயர். தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்த யான் ஸ்மட்ஸ் எழுபது வயதிலும் இந்த வழியாக மலை ஏறியவர். நமக்கு அவரை வேறு கதையில் தெரியும். காந்தி இங்கே யாரோடு வருடக்கணக்கில் மோதினாரோ, சிறையில் தைத்த செருப்பை யாருக்குப் பரிசாக அனுப்பினாரோ, அதே ஸ்மட்ஸ்தான். செருப்போடு இந்த ஏணிகளில் ஏற வேண்டாம் என்று மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மேலே வந்ததும் காடு திரை விலகியது போல முடிந்து, திறந்த மேட்டு நிலம் தொடங்கும். இடப்பக்கம் ஐந்து பத்து நிமிடத்தில் ஹெலி-ஹட்சின்சன் நீர்த்தேக்கம். நீர்மட்டம் இறங்கியிருக்கும் காலத்தில் அதன் ஓரத்தில் வெள்ளை மணல் கடற்கரை போல விரிந்து கிடக்கும். மலை உச்சியில் கடற்கரையா என்று முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும். அழுக்கல்ல, இங்குள்ள புதர்ச்செடிகளிலிருந்து ஊறுகிற சாயம். குடிநீர்த் தேக்கம் என்பதால் குளிக்க இறங்கக் கூடாது.

வலப்பக்கம் திரும்பினால் மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து மக்ளியர் கற்குவியலை அடையலாம். 1,086 மீட்டர், மேசை மலையின் மிக உயரமான புள்ளி. கேபிள் காரில் வருகிற பெரும்பாலோர் ஸ்டேஷனைச் சுற்றிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதால் இங்கே கூட்டம் இருக்காது. பார்க்கக் கல் குவித்த கூம்பு, அவ்வளவுதான். ஆனால் சென்னைக்காரர்கள் அதற்கு ஒரு வணக்கம் போடலாம். 1750-களில் லகாய் என்ற பிரெஞ்சு வானியலாளர் இந்தக் கேப் பகுதியில் பூமியின் வளைவை அளந்தார். தெற்குப் பாதி வடக்கைப் போல உருண்டையாக இல்லை என்பது மாதிரி விநோதமான விடை வந்தது. 1802-இல் பரங்கிமலை அடிவாரத்தில் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய நில அளவையில் வேலை பார்த்தவர், எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட், உடம்பு சரியில்லாமல் 1820 வாக்கில் ஓய்வுக்காகக் கேப்புக்கு வந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்காமல் லகாய் அளந்த இடங்களைப் போய்ப் பார்த்து, பக்கத்து மலைகளின் ஈர்ப்பு, செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை இழுத்துச் சாய்த்திருக்கும் என்று சந்தேகப்பட்டார். கேப் வானியலாளர் தாமஸ் மக்ளியர் பின்னர் அதை மறுபடி அளந்தபோது எழுந்த அடையாளக் குவியல் இது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அத்தானை அங்கே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் ஓய்வுபெற்ற சர்வேயர்.

கடைசி வழி கான்ஸ்டான்ஷியா நெக். மலையின் தெற்குப் பக்கத்துக் கணவாய். இங்கிருந்து நீர்த்தேக்கங்களுக்கு ஜீப் பாதை போகிறது. செங்குத்தான வளைவுகளில் கான்கிரீட்டும் போட்டிருக்கிறார்கள். ஒரு வழி ஐந்தாறு கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 500 மீட்டர், இரண்டு இரண்டரை மணி நேரம். படிக்கட்டு இல்லை, ஏணி இல்லை, சங்கிலி இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே நடக்கலாம், இதை எத்தனை மலைப்பாதையில் செய்ய முடியும்? நடை நண்பர்கள் இதைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். ரோட்டில் நடப்பதற்கு மலைக்கு வர வேண்டுமா என்பார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஒரு முறை வேறு வழியாக ஏறிக் களைத்து, மேகம் இறங்கிவிட்ட பிற்பகலில் இந்தப் பாதையில் இறங்கினேன். இருபதடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் காலுக்குக் கீழே ஜீப் பாதை இருந்தது, அது எங்கே போகிறது என்றும் தெரியும். அன்றைக்குக் கட்சி மாறிவிட்டேன்.

பார்க்கவும் விஷயம் இல்லாமல் இல்லை. மேலே உள்ள உட்ஹெட் அணை 1897-இல் முடிந்தது, ஹெலி-ஹட்சின்சன் 1904-இல். வெட்டிய மணற்கல்லில் கட்டிய அணைச்சுவர்மீது நடந்து போகலாம். அணைக்கான சாமான்களைக் கேம்ப்ஸ் பே பக்கமிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறார்கள். மேலே கல் இழுக்க ஒரு குட்டி நீராவி ரயில் எஞ்சினையும் கொண்டுவந்தார்கள். அது இன்னும் அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கா மகனுக்கு இதைச் சொன்னதும் அவன் கட்சி முடிவாகிவிட்டது.

குறை என்ன? நகரத்தைப் பார்த்த அந்தப் புகழ்பெற்ற விளிம்புக் காட்சி இந்தப் பக்கம் கிடையாது. இது மலையின் பின்மேசை. முன்மேசைக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் நாள் முழுக்க நடக்க வேண்டும். பாதையின் கீழ்ப்பகுதியில் சில இடங்களில் வெயில் நன்றாக அடிக்கும்.

வழியைத் தாண்டியும் இரண்டு விஷயம் இருக்கிறது. மலைப்பாதைகளில் வழிப்பறி நடப்பது உண்டு. ஊர்க்காரர்கள் இதை மறைப்பதில்லை. நான்கு பேருக்குக் குறையாமல் போகச் சொல்வார்கள், விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் தவிர்க்கச் சொல்வார்கள். நகை வேண்டாம். எந்த வழியில் ஏறி எந்த வழியில் எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், போன பின் திட்டத்தை மாற்றாதீர்கள். பின்மேசையில் போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. இரண்டாவது, மாதம். ஜூன், ஜூலை மழையில் கிழக்குப் பக்க ஓடைகள் பொங்கும், பகலும் குறுகிவிடும். டிசம்பர், ஜனவரியில் வெயிலும் காற்றும். மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கத் தொடங்கும், வெயில் இளகும். அத்தான் தெரிந்து டிக்கெட் போட்டாரா தெரியாமல் போட்டாரா தெரியவில்லை, தேதி மட்டும் பிரமாதம்.

சரி, முடிவுக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு பேசினோம். அத்தானுக்குப் பிளாட்டெக்லிப்தான் வேண்டும். நண்பர்கள் வட்டத்தில் யாரோ அதைத்தான் ஏறியிருக்கிறார்கள். "அத்தான், ஏறிடுவீங்க. எனக்குச் சந்தேகமே இல்ல. இறங்கும்போது கேபிள் கார் ஓடலைன்னா உங்க முட்டி எழுநூறு மீட்டர் தாங்குமான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் பதில் சொல்லுமுன் அக்கா சொல்லிவிட்டாள். "வீட்டு மாடியில துணி காயப்போட்டுட்டு இறங்கறதுக்கே கைப்பிடியத் தேடுறாரு. நீ ரோடு மாதிரி இருக்குன்னியே, அதையே போடு."

மகளை மட்டும் ஜீப் பாதையில் நடக்க வைப்பது பாவம். அதனால் அன்று இரண்டு அணி. நானும் அவளும் என் அலுவலக நண்பர்கள் இருவரும் எட்டு மணிக்குக் கிர்ஸ்டன்போஷ் வாசலில் இருந்து ஸ்கெலிட்டன் கோர்ஜ் ஏறுகிறோம். அதே நேரத்தில் அக்கா, அத்தான், பையன் மூவரும் கான்ஸ்டான்ஷியா நெக்கில் புறப்படுகிறார்கள். என் வீட்டுக்காரியும் இந்த மலையை என்னைவிட நன்றாகத் தெரிந்த அவள் தோழியும் கூட இருப்பார்கள். பத்தரை மணி வாக்கில் ஹெலி-ஹட்சின்சன் மணலில் சந்திப்பு. யார் முதலில் வந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், தேடிக்கொண்டு கிளம்பக் கூடாது. புளியோதரை அவர்கள் பையில், தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் அவரவர் முதுகில். சாப்பிட்டு, ரயில் எஞ்சினைப் பார்த்து, எல்லோருமாக ஜீப் பாதையிலேயே இறங்குகிறோம். முதல் நாள் மழை பெய்திருந்தாலோ கிழக்குப் பக்கம் மேகம் உட்கார்ந்திருந்தாலோ ஸ்கெலிட்டன் கிடையாது, ஒன்பது பேரும் நெக் வழிதான். அக்கா மகளிடம் இதற்கு முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிட்டேன்.

மக்ளியர் குவியல் தனி நாளில். அவர்கள் தங்கும் ஆறு நாளில் காற்று இல்லாத முதல் காலையில் கேபிள் காரில் ஏறி, உச்சியில் சமதளமாக ஒரு மணி நேரம் நடந்து, படம் எடுத்துக்கொண்டு, காற்று கிளம்புமுன் அதே வண்டியில் திரும்புகிறோம். எது அந்த நாள் என்று இப்போது சொல்ல முடியாது. அதனால் அந்த ஆறு நாளில் ஒயின் தோட்டம், பென்குயின் கடற்கரை எதற்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யாதீர்கள் என்று அத்தானிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கேட்டது ஒன்றுதான்: குவியலைத் தொட விடுவார்களா?

விடுவார்கள்.